உறுப்புல வலிக்குற புண்ணு, பிள்ளைங்க கால்ல ஆறாத புண்ணு: ரெண்டுக்கும் ஒரே கிருமியா?

தம்பி, நீங்க எழுதுனத படிக்கிற மத்தவங்களுக்கும் புரியட்டும்னு முதல்ல சுருக்கி சொல்லிடுறேன். லீவுல போன இடத்துல ஒரு தொடர்பு, பாதுகாப்பு இல்லாம. ஒரு வாரம் கழிச்சு பிறப்புறுப்புல ஒரு கொப்புளம் மாதிரி வந்து உடைஞ்சு புண்ணாயிடுச்சு, தொட்டா உயிர் போகுது, தொடையிடுக்குல ஒரு பக்கம் நெறி கட்டியிருக்கு. தேடிப் பாத்ததுல ஷாங்க்ராய்ட்னு ஒரு செக்ஸ் நோயோட பேரு வருது. சிங்கப்பூர் டார்ம்ல, அதாவது தொழிலாளர் விடுதியில, கூட இருக்குற அண்ணன் ஊர்ல இருந்து கொண்டு வந்த அசித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக் அட்டைய நீட்டுறாரு. இன்னொருத்தர், இதே கிருமி சின்னப் பிள்ளைங்க கால்லயும் புண்ணு போடுமாம், அப்ப சும்மா தொட்டாலே ஒட்டும், ரூம்ல அத்தனை பேரும் ஒரே வாஷிங் மெஷின்ல துவைக்கிறோம்னு கெளப்பி விட்டுட்டாரு. ஆக, இது ஷாங்க்ராய்ட் தானா, அந்த மாத்திரைய போடலாமா, ரூம்ல இருக்குறவங்களுக்கு ஒட்டுமா, இதுதான உங்க கேள்வி.

மாத்திரை விஷயத்த முதல்ல சொல்றேன், ஏன்னா அதுதான் அவசரம். போடாதீங்க, இன்னும் போடலைன்னா. வேடிக்கை என்னன்னா அந்த மருந்து ஷாங்க்ராய்டுக்கு நெஜமாவே சரியான மருந்துதான், ஒரு கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை ரெண்டு, ஒரே வேளை, அவ்வளவுதான். பிரச்சனை எங்க வருதுன்னா உங்களுக்கு இருக்குறது சிஃபிலிஸா (அதுவும் செக்ஸ்ல பரவுற நோய்தான்) இருந்தா, அந்தப் புண்ணு மருந்தே இல்லாட்டியும் மூணுல இருந்து ஆறு வாரத்துல தானா ஆறிடும், நீங்க மாத்திரை கேட்டுச்சுன்னு நிம்மதியா ஓவர்டைம் பாக்கப் போயிடுவீங்க, கிருமி ரத்தத்துல பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். அசித்ரோமைசினுக்கு அடங்காத சிஃபிலிஸ் வகை இப்ப பல நாட்டுல பரவிக் கெடக்கு, அதனாலதான் டாக்டருங்க அதுக்கு இன்னமும் பென்சிலின் ஊசிய விடாம வச்சிருக்காங்க (பென்சத்தீன் பென்சிலின், 24 லட்சம் யூனிட், புட்டத்துல). ஹெர்ப்பிஸா இருந்தா அது வைரஸ், இந்த மாத்திரை அத ஒண்ணுமே பண்ணாது. இதுல எனக்கு சொந்தக் கடுப்பு ஒண்ணு இருக்கு: நான் டாக்டர் இல்ல, மைக்ரோபயாலஜி லேப்ல ரொம்ப வருஷமா பெஞ்ச்ல உக்காந்து இருக்குறவ, புண்ணுல இருந்து பஞ்சுக் குச்சியில எடுத்து அனுப்புற ஸ்வாப் எங்ககிட்டதான் வரும், ஒரு வேளை மாத்திரை உள்ள போயிட்டா கிருமி செத்தும் சாகாமயும் கெடக்கும், கிருமி வளக்குற ப்ளேட்ல ஒண்ணும் வளராது, ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு வரும், அந்த ஒண்ணும் இல்லங்கிறத பேஷன்ட் தனக்கு நோயே இல்லன்னு எடுத்துக்குவாரு. அக்காகிட்ட இதெல்லாம் கேக்கலாமான்னு கூச்சப்பட வேண்டாம், என் வேலையே இதுதான்.

ஏற்கனவே போட்டுட்டீங்கன்னாலும் தலை போற காரியம் இல்ல, எப்ப போட்டேன், எத்தனை போட்டேன்னு டாக்டர்கிட்ட ஒளிக்காம சொல்லிடுங்க, அவ்வளவுதான்.

மாத்திரைய விட எனக்கு பயம் க்ரீம் மேல. அந்த மூணு மருந்து கலந்த டியூப் இருக்கு பாருங்க, படர்தாமரைக்குன்னு ஊர்ல எந்தக் கடையிலயும் சீட்டு இல்லாம குடுப்பாங்க, பாதி பேரு பெட்டியில கொண்டு வந்துடுறாங்க, அதுல க்ளோபெட்டசால்னு பலமான ஸ்டீராய்டு இருக்கும், அத அந்த எடத்துல தடவுனா ஹெர்ப்பிஸ் இன்னும் பரவும், புண்ணோட உருவமே மாறிப் போயிடும், பாக்குற டாக்டருக்கு அது எதுன்னே புடிபடாது. டெட்டாலும் அப்படித்தான், தண்ணி கலக்காம அப்படியே ஊத்தி அந்த மெல்லிய தோல் வெந்து, புண்ண விடப் பெரிய புண்ணோட வர்றவங்க உண்டு. வெறும் தண்ணி, இல்ல லேசான உப்புத் தண்ணியில கழுவிட்டு ஒத்தி எடுங்க, அது போதும்.

சரி, இந்தக் கிருமிக்கு வருவோம். பேரு ஹீமோஃபிலஸ் டுக்ரேயி. நேப்பிள்ஸ்ல இருந்த அகஸ்டோ டுக்ரேன்னு ஒரு இத்தாலிய தோல் டாக்டர் 1889ல கண்டுபிடிச்சது. அவரு செஞ்ச முறைய இன்னைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் ஒத்துக்காது: பேஷன்டோட உறுப்புல இருக்குற புண்ணுல இருந்து சீழ எடுத்து அதே ஆளோட முன்கையில குத்தி வைப்பாரு, அங்க ஒரு புண்ணு வரும், அந்தப் புண்ணுல இருந்து எடுத்து பக்கத்துல இன்னொரு எடத்துல வைப்பாரு, இப்படியே வாரா வாரம். முதல் புண்ணுல ஊர்ப்பட்ட கிருமி கலந்து இருக்கும், அஞ்சாறு தலைமுறை தாண்டுனதும் மத்ததெல்லாம் கழிஞ்சு போயி ஒரே ஒரு கிருமிதான் மிஞ்சிச்சு. இதுல நீங்க கவனிக்க வேண்டியது வேற ஒண்ணு, கிருமி உறுப்புத் தோல விட்டுட்டு முன்கைத் தோல்ல ஜம்முன்னு வளந்திருக்கு. கண்டுபிடிச்ச வருஷமே அதுக்கு சாட்சி இருந்துச்சு, ஆனா அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல எல்லாரும் இத செக்ஸ் நோய்னு மட்டுமே எழுதி வச்சாங்க. இதுக்கு அப்புறமா திரும்பி வர்றேன்.

இத லேப்ல வளக்குறது பெரிய தலைவலி. மனுஷ ரத்தத்துல இருக்குற ஹீம்ங்கிற இரும்பு கலந்த பொருள் இல்லாம இதால வாழ முடியாது, தானா செஞ்சுக்கத் தெரியாது, அதனால ரத்தத்த சூடு பண்ணி பழுப்பாக்குன சாக்லேட் அகார்ங்கிற ஜெல்லி மேல வளக்கணும், மத்த கிருமிங்க முந்திக்காம இருக்க வான்கோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக் கொஞ்சம் கலக்கணும், 33 டிகிரி, கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு, நல்ல ஈரம். மத்த பல கிருமிக்கு வைக்கிற 35, 37 டிகிரி இன்குபேட்டர்ல வச்சா மொரண்டு புடிக்கும். ரெண்டு மூணு நாள் கழிச்சு சின்னச் சின்னதா சாம்பல் மஞ்சள்ல காலனி வரும், லூப் கம்பி வச்சு லேசா தள்ளுனா உடையாம முழுசா அகார் மேல வழுக்கிக்கிட்டே போகும், அத ஒரு தடவை பாத்தா மறக்காது. நான் பாத்தது கன்ட்ரோல் ஸ்ட்ரெய்ன்ல (ஒப்பிட்டுப் பாக்க லேப்ல வச்சிருக்குற கிருமி), நெஜ பேஷன்ட் சாம்பிள்ல இங்க இத பாக்குறது ரொம்ப அபூர்வம். ஸ்லைடுல சாயம் போட்டா கிருமிங்க வரிசையா மீன் கூட்டமா நீந்துற மாதிரி தெரியும்னு பாடப் புத்தகம் எல்லாத்துலயும் இருக்கும், ஆனா புண்ணுல எல்லா கிருமியும் கலந்து கெடக்குறப்ப அந்தக் கூட்டத்த நம்பி முடிவு சொல்றது ஆபத்து, நாங்க சொல்றதும் இல்ல. நல்ல லேப்லயே இப்படி வளத்துப் பாக்குற கல்ச்சர்ல பிடிபடுறது நூத்துக்கு எண்பதுக்கும் கீழதான், ஸ்வாப்ப ஃப்ரிட்ஜ்ல வைக்காம விட்டா சில மணி நேரத்துல கிருமி செத்துடும். இப்பல்லாம் கிருமியோட டிஎன்ஏவத் தேடுற பிசிஆர் டெஸ்ட்தான் கைகுடுக்குது, ஒரே ஸ்வாப்ல ஹெர்ப்பிஸ், சிஃபிலிஸ், டுக்ரேயி மூணையும் தேட வழி இருக்கு.

இப்ப உங்க புண்ணு. நீங்க சொல்ற கதை, தொடர்பு நடந்து நாலுல இருந்து பத்து நாளுக்குள்ள ஒரு பரு, அது சீழ் வச்சு உடைஞ்சு, ஓரம் பிஞ்ச மாதிரி, அடியில மஞ்சளா, தொட்டா ரத்தம், வலி, கூடவே நெறி, இது ஷாங்க்ராய்ட் பாடத்துல இருக்குற அதே வரிசைதான், மறுக்கல. பாதி பேருக்கு நெறி கட்டும், சில பேருக்கு அது சீழ் கோத்து உடையும், ஊர்ல பெரியவங்க அரையாப்புன்னு சொல்லுவாங்களே அது. பொம்பளைங்களுக்கு பல நேரம் புண்ணு உள்ள இருக்கும், வலி கம்மி, மூத்திரம் போனா எரிச்சல்னு மட்டும் வருவாங்க, அதனாலயே அவங்களுக்கு தெரியாம இருந்துடும்.

ஆனாலும் உங்களுக்கு ஷாங்க்ராய்டா இருக்குறதுக்கு வாய்ப்பு கம்மின்னுதான் நான் நெனைக்கிறேன். எந்த நோய் எந்த ஊர்ல எவ்வளவு சுத்துதுங்கிறத பாத்துட்டுத்தான் புண்ணப் பாக்கணும். இன்னைக்கு சிங்கப்பூர்லயும் சரி, அக்கம் பக்கத்து நாட்டுலயும் சரி, உறுப்புல வலிக்குற புண்ணுன்னா முதல் சந்தேகம் ஹெர்ப்பிஸ் மேலதான் போகணும். முதல் தடவை வர்ற ஹெர்ப்பிஸ் ரொம்ப மோசமா வலிக்கும், கூட்டமா சின்னக் கொப்புளம் வந்து ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெரிய புண்ணாயிடும், நெறியும் கட்டும், காய்ச்சலும் வரும். ரெண்டாவதா தவறவிடக் கூடாதது சிஃபிலிஸ். வலிச்சா ஷாங்க்ராய்ட், வலிக்கலைன்னா சிஃபிலிஸ்னு ஒரு ஃபார்முலா சுத்துது, 1852ல பாசெரோன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் இந்த ரெண்டு புண்ணும் வேற வேற நோய்னு பிரிச்சுக் காட்டுன காலத்துல அது பெரிய விஷயம், ஆனா இன்னைக்கு உங்க புண்ண வச்சு நீங்களே முடிவு பண்ண அது உதவாது, ஏன்னா வலிக்குற சிஃபிலிஸ் புண்ணும் இருக்கு, வலிக்காத ஹெர்ப்பிஸும் இருக்கு, ரெண்டு நோயும் ஒரே புண்ணுல சேந்து வர்றதும் உண்டு. பல வருஷம் இதையே பாத்த டாக்டருங்களே கண்ணால பாத்து சொல்றதுல நெறைய தப்பாகுதுன்னு ஆராய்ச்சிங்க காட்டியிருக்கு.

இன்னும் ஒண்ணு யாரும் நெனைக்க மாட்டாங்க, அதனால நான் சொல்றேன். மாத்திரை அலர்ஜி. முதுகுவலி, மூட்டுவலின்னு மெஃபனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் போடுறோமே, சில ஆளுக்கு அது ஒவ்வாம உறுப்பு நுனியில ஒரே எடத்துல சிவந்து கொப்புளிச்சு புண்ணாகும், ஆறுனதும் கருப்பா ஒரு தழும்பு நிக்கும், அடுத்த தடவை அதே மாத்திரை போட்டா அதே எடத்துல திரும்ப வரும். கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக்லயும் வரும். எந்தப் பொண்ணு பக்கமும் போகாத ஆளு இத பாத்து எச்ஐவின்னு நெனைச்சு தூங்காம கெடப்பாரு. 2022க்கு அப்புறம் எம்பாக்ஸும் (குரங்கம்மை) இந்தப் பட்டியல்ல சேந்தாச்சு. அப்புறம் எல்ஜிவின்னு, கிளமிடியாங்கிற செக்ஸ் நோய்க் கிருமியில ஒரு வகை, புண்ணு சின்னதா வந்து போயிடும், நெறிதான் பெருசா நிக்கும். டோனோவனோசிஸ்னு ஒண்ணு, வலிக்காம மெதுவா பரவுற சதைப் புண்ணு, அத நம்ம மெட்ராஸ் ஜென்ரல் ஹாஸ்பிடல்ல வேலை பாத்த சார்லஸ் டோனோவன் 1905ல விவரிச்சாரு, காலா அசார்ங்கிற கருங்காய்ச்சல் கிருமியில லீஷ்மன் டோனோவன்னு பேரு வருதே, அதே ஆளு. இப்ப அதுவும் ரொம்ப கொறைஞ்சு போச்சு.

ஷாங்க்ராய்ட் இப்படி காணாம போனதுக்கு பின்னாடி ஒரு கதை இருக்கு. எழுபதுகள், எண்பதுகள்ல சிங்கப்பூர்லயே இது சாதாரணமா பாக்குற நோய்தான், அப்ப இந்த மாதிரி விஷயத்துக்கு எல்லாரும் போறது மிடில் ரோடு ஆஸ்பத்திரிக்கு, இங்கயே பொறந்து வளந்த பெருசுங்க கிட்ட அந்தப் பேர சொல்லிப் பாருங்க, மொகத்துல ஒரு சிரிப்பு வரும். 1988ல அத மூடிட்டு நேஷனல் ஸ்கின் சென்டர் வந்துச்சு. நோய் கொறைஞ்சதுக்கு பெரிய காரணம் பாலியல் தொழில் செய்யுற பெண்களுக்கு ஒழுங்கா செக்கப், மருந்து, காண்டம் கிடைக்க வச்சதுதான். இந்தக் கிருமி ஒரு ஆளு ஒடம்புல வருஷக் கணக்கா ஒளிஞ்சிருக்காது, புண்ணு இருக்குற வரைக்கும்தான் பரவும், புண்ணோட ஒருத்தர் பல பேரோட தொடர்புல இருந்தாத்தான் சங்கிலி அறுபடாம போகும். அந்த ஒரு கண்ணியில மருந்து போய் சேந்துட்டா நோய் தானா அணைஞ்சிடுது. ஆப்பிரிக்காவுல, ஆசியாவுல பல நாட்டுல இப்படித்தான் ஆச்சு, அமெரிக்கா முழுக்கவே இப்ப வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணுற அளவுதான் பதிவாகுது.

இந்த நோயால உலகத்துக்கு ஒரு நல்லதும் நடந்துச்சு. எழுபதுகள் நடுவுல கனடாவுல வின்னிபெக்னு ஒரு குளிர் ஊர்ல ஷாங்க்ராய்ட் திடீர்னு பரவ, அத ஆராஞ்ச ஆலன் ரோனால்டுன்னு ஒரு டாக்டர், இந்த நோய் நெறைய இருக்குற எடத்துல படிக்கணும்னு 1980ல நைரோபிக்கு போனாரு. அவங்க அங்க ஷாங்க்ராய்ட் பத்தி வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போதுதான் எச்ஐவி வந்து சேருது. உறுப்புல புண்ணு இருக்குறவங்களுக்கு எச்ஐவி ரொம்ப சுலபமா தொத்துது, சுன்னத் பண்ணாத ஆம்பளைங்களுக்கு இன்னும் அதிகம்னு ஆரம்பத்துலயே காட்டுனது நைரோபி ஆராய்ச்சிங்கதான். உங்களுக்கு இதுல இருக்குற சேதி, புண்ணு எதுவா இருந்தாலும் எச்ஐவி டெஸ்ட் கட்டாயம் சேத்துக்கணும். தொடர்புக்கு அப்புறம் 72 மணி நேரத்துக்குள்ள போயிருந்தா தடுப்பு மாத்திரை குடுத்திருப்பாங்க, அந்த நேரம் தாண்டிருச்சு, அதனால இப்ப ஒரு டெஸ்ட், அப்புறம் டாக்டர் சொல்ற நாள்ல இன்னொண்ணு.

இப்ப பிள்ளைங்க கால் புண்ணு. உங்க ரூம்மேட் சொன்னது கட்டுக்கதை இல்ல, உண்மை, ஆனா அவரு போட்ட முடிச்சு தப்பு.

பாப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு பக்கம் யாஸ்னு ஒரு நோய் இருக்கு. சிஃபிலிஸ் கிருமிக்கு பங்காளி முறை, ஆனா செக்ஸ்ல பரவாது, பிள்ளைங்க வெளையாடுறப்ப தோல் ஒரசி பரவும், கால்ல வட்டமா புண்ணு வரும், விட்டா எலும்ப புடிக்கும். இந்தியாவுல கடைசி கேஸ் 2003ல, 2016ல யாஸ் ஒழிஞ்ச நாடுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சுச்சு. பாப்புவா நியூ கினியில லிஹிர்னு தங்கச் சுரங்கம் இருக்குற ஒரு தீவுல ஒரியோல் மிட்ஹான்னு ஸ்பெயின் டாக்டர் ஒருத்தர், ஊசிக்கு பதிலா ஒரு வேளை அசித்ரோமைசினே யாஸுக்கு போதும்னு 2012ல நிரூபிச்சாரு. ஊரு முழுக்க எல்லாருக்கும் மாத்திரை குடுத்தாங்க, யாஸ் 2.4 சதவீதத்துல இருந்து ஒரு வருஷத்துல 0.3க்கு விழுந்துச்சு. ஆனா பாத்தா கால் புண்ணு மட்டும் இருந்துக்கிட்டே இருக்கு, யாஸ் மாதிரியே இருக்கு, ஆனா யாஸ் இல்ல. ஸ்வாப் எடுத்து பிசிஆர் பண்ணிப் பாத்தா, யாஸ்னு நெனைச்ச புண்ணுங்கள்ல பாதிக்கு மேல டுக்ரேயி! 2014ல இது வெளிய வந்துச்சு, அதே வருஷம் சாலமன் தீவுகள்லயும் அதே கதை. உண்மையில அதுக்கு முன்னாடியே, 2007ல, சமோவா பிள்ளைங்க சில பேரு கால் புண்ணோட நியூசிலாந்து டாக்டருங்ககிட்ட போனப்ப லேப்ல இந்தக் கிருமி வந்திருக்கு, அத படிச்சவங்க ஏதோ விதிவிலக்குன்னு தாண்டிப் போயிட்டாங்க. அப்புறம் கானாவுலயும் இருக்குன்னு தெரிஞ்சுச்சு.

எனக்கு இதுல ரொம்ப புடிச்ச விஷயம், இவ்வளவு நாள் இது ஏன் கண்ணுல படலைங்கிறதுதான். யாஸ் புண்ணு கண்ணால பாத்தே எண்ணுவாங்க, சந்தேகம்னா ரத்தப் பரிசோதனை. அந்த ஊர்ல பிள்ளைங்க பல பேருக்கு பழைய யாஸ் ரத்தத்துல தூங்கிக்கிட்டு இருக்கும், டெஸ்ட் பாசிட்டிவ்னு வரும், புண்ணு போட்டதோ டுக்ரேயி, ஆனா கணக்குல யாஸ்னு எழுதிடுவாங்க. அதோட இது செக்ஸ் நோய்க் கிருமின்னு மண்டையில பதிஞ்சு போனதால ஒரு எட்டு வயசுப் பிள்ளை கணுக்கால்ல யாரும் தேடவே இல்ல, லேப்ல தேடச் சொல்லாத கிருமி லேப்ல வராது. அங்க பிள்ளைங்களுக்கு வர்றதுக்கும் செக்ஸுக்கும் துளி சம்பந்தம் கெடையாது, அஞ்சுல இருந்து பதினஞ்சு வயசுப் பிள்ளைங்க, வெறுங்காலோட ஓடுறது, கீறல், பூச்சிக்கடி, அது வழியா உள்ள போகுது. மரபணுவ படிச்சுப் பாத்ததுல கால் புண்ணு கிருமியும் உறுப்புப் புண்ணு கிருமியும் ரொம்ப நெருங்குன சொந்தம்னுதான் தெரியுது.

இங்க சிங்கப்பூர்ல இருக்குற தாய்மாருங்க இத படிச்சுட்டு பிள்ளை கால்ல கொசு கடிச்சு சொறிஞ்ச புண்ணப் பாத்து பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் ஸ்டாஃப், ஸ்ட்ரெப்னு சாதாரண தோல் கிருமிதான், ஜிபி (பக்கத்து கிளினிக் பொது டாக்டர்) பாத்துக்குவாரு. அந்தத் தீவுகள் பக்கம் தங்கி வந்த பிள்ளைன்னா மட்டும் அத டாக்டர்கிட்ட சொல்லுங்க.

வாஷிங் மெஷினுக்கு வருவோம். 2017ல லிஹிர் பக்கத்து கிராமங்கள்ல ஆராஞ்சப்ப, புண்ணே இல்லாத பிள்ளைங்க தோல்லயும், ஈ மேலயும், படுக்கத் துணியிலயும் இந்தக் கிருமியோட டிஎன்ஏ கிடைச்சுச்சு, உங்க ரூம்மேட் படிச்சது அநேகமா இதாத்தான் இருக்கும். டிஎன்ஏ கிடைச்சா அங்க உயிரோட கிருமி இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல, செத்த கிருமிக்கும் பிசிஆர் பாசிட்டிவ்தான் காட்டும். ஸ்வாப்லயே சில மணி நேரத்துல சாகுற கிருமி, சோப்புத் தண்ணியில சுத்தி வெயில்ல காஞ்ச லுங்கியில உக்காந்துக்கிட்டு இருக்காது. அதோட முழுசா இருக்குற தோல இது தாண்டாது. அமெரிக்காவுல இண்டியானா யூனிவர்சிட்டில வாலண்டியருங்க மேல்கையில இந்தக் கிருமிய வச்சு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணாங்க (கொப்புளம் வந்த கட்டத்துலயே மருந்து குடுத்து நிறுத்திடுவாங்க), கிருமி ரொம்ப கொஞ்சம் இருந்தாலே போதும்னு தெரிஞ்சுச்சு, ஆனா அதுக்கும் ஊசி முனைங்களால தோல குத்தித்தான் உள்ள விடணும். அதனால ரூம்ல கூட படுக்குறது, ஒரே டாய்லெட், ஒரே தட்டுல சாப்பிடுறது, இதுல எல்லாம் உங்க கூட்டாளிங்களுக்கு ஷாங்க்ராய்ட் வராது. துண்டையும் ஷேவிங் ரேசரையும் மட்டும் தனியா வச்சுக்கங்க, அது எந்தப் புண்ணுக்கும் பொதுவான விஷயம். புண்ண தொட்டா கைய சோப்பு போட்டு கழுவிட்டு வேற எடத்த தொடுங்க, ஷாங்க்ராய்டா இருந்தா தன் கையாலயே தன் தொடைக்கு பரப்பிக்கலாம், டுக்ரே காட்டுனது அதத்தான.

எங்க போறது? இந்த நோய்ங்களுக்குன்னே இருக்குறது டிஎஸ்சி கிளினிக், கெலாந்தான் லேன்ல, தேக்காவுல (லிட்டில் இந்தியா) இருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தா வந்துடும், பழைய சுங்கை ரோடு திருட்டு மார்க்கெட் இருந்த எடத்துக்கு கிட்ட. போறதுக்கு முன்னாடி நேரத்த ஃபோன்ல கேட்டுக்கங்க. அங்க தெனமும் பாக்குறதே இததான், யாரும் உங்கள ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க. ஜிபி கிட்ட போனாலும் தப்பில்ல, ஆனா கம்பெனி பில் கட்டுற பேனல் கிளினிக் வேண்டாம்னு நான் சொல்லுவேன், சட்டத்துக்காக இல்ல, இங்க தொற்றுநோய்ச் சட்டத்துலயே இந்த நோய்க்காரங்க அடையாளத்துக்கு பாதுகாப்பு இருக்கு, டாக்டர் உங்க சூப்பர்வைசர கூப்பிட்டு சொல்லப் போறதில்ல. விஷயம் பில்லுல வெளிய வரும், எம்சியில (மெடிக்கல் லீவு சீட்டு) கிளினிக் பேர் இருக்கும், ஆபீஸ்ல கிளெய்ம் பாக்குற ஆளு வாய் சும்மா இருக்காது. உங்க லீவு நாள்ல சொந்தக் காசுல போயிடுங்க. எச்ஐவி டெஸ்ட் மட்டும் பேரே சொல்லாம பண்ணிக்கவும் இங்க வசதி இருக்கு.

உள்ள போனதும் மழுப்பாம தேதிய சொல்லுங்க, தொடர்பு என்னைக்கு, பரு என்னைக்கு, புண்ணு என்னைக்கு. பத்து நாளுக்குள்ள வந்ததா, மூணு வாரம் கழிச்சு வந்ததாங்கிறதுலயே பாதி கணக்கு தீந்துடும், சிஃபிலிஸ் பத்து நாள்ல இருந்து தொண்ணூறு நாள் வரைக்கும் எடுத்துக்கும், சராசரி மூணு வாரம். எந்த ஊர்ல நடந்துச்சுன்னும் சொல்லுங்க. தடவுன டியூப் இருந்தா கையோட கொண்டு போங்க, பேரு மறந்துடும். ஸ்வாப் எடுக்கும்போது வலிக்கும், பல்லக் கடிச்சுக்கங்க, புண்ணோட அடியில இருந்து எடுத்தாத்தான் எங்களுக்கு பிரயோஜனம். ரத்தத்துல சிஃபிலிஸ் பாப்பாங்க, புண்ணு புதுசா இருந்தா முதல் டெஸ்ட் நெகட்டிவ்னு வரலாம், அத வச்சு கொண்டாடாதீங்க, ஷாங்க்ராய்ட்னு முடிவானாலும் மூணு மாசத்துல சிஃபிலிஸ், எச்ஐவி ரெண்டும் திரும்ப பாக்கணும்.

ஷாங்க்ராய்ட்னா அந்த ஒரு கிராம் அசித்ரோமைசின், இல்லாட்டி செஃப்ட்ரையாக்சோன் 250 மில்லிகிராம் ஒரே ஊசி, சிப்ரோஃப்ளாக்சசின் மூணு நாள்னு வேற வழியும் இருக்கு. மருந்து கேட்டா மூணு நாள்ல வலி கொறையும், ஒரு வாரத்துல புண்ணு கண்ணுக்குத் தெரிய ஆறும், அப்படி ஆகலைன்னா நோயத் தப்பா கணிச்சிருக்காங்க, இல்ல கூட இன்னொண்ணு இருக்குன்னு அர்த்தம், அதனால அந்த ரெண்டாவது அப்பாயின்ட்மென்ட்ட ஓவர்டைம் இருக்குன்னு தள்ளிப் போடாதீங்க. நெறி பெருசாகி மெத்துன்னு ஆனா நீங்களே பிதுக்காதீங்க, டாக்டர் ஊசி போட்டு சீழ இழுத்துடுவாரு, அது ஆற புண்ண விட நாளாகும்.

கடைசியா அந்தத் தொடர்பு. ஷாங்க்ராய்ட்னு உறுதியானா, புண்ணு வர்றதுக்கு முந்தின பத்து நாள்ல உங்ககூட இருந்தவங்க யாரா இருந்தாலும் அவங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னாலும் பாத்து மருந்து குடுக்கணும், ஹெர்ப்பிஸ், சிஃபிலிஸ்னா அந்தக் கணக்கு வேற. ஃபோன் நம்பர் இருந்தா ஒரு மெசேஜ் போடுங்க, எப்படி எழுதுறதுன்னு தெரியலைன்னா கிளினிக்லயே உதவி பண்ணுவாங்க. ஊர்ல வீட்டுக்காரம்மா இருக்காங்கன்னா, டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் லீவு போட்டு ஊருக்குப் போற டிக்கெட்ட கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்க.